எண்பதில் உட்கார்ந்திருப்பது யார்?

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில் நல்ல நாற்காலி ஒன்றே ஒன்றுதான். சக்கரம் வைத்தது, சாய்ந்தால் சாயும், முதுகுக்கு வலை போட்டது. அது அக்காவின் நாற்காலி. அதில் பெரும்பாலும் ஒரு பூனை படுத்திருக்கும். அக்கா பக்கத்தில் ஒரு காலி பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு ஊரில் பாதிப் பேருடைய வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பூனையைத் தூக்கிக் கீழே விடுங்களேன் என்று நான் சொல்லாத நாள் இல்லை. எதற்காக வந்து படுத்திருக்கிறது என்று தெரியாமல் எழுப்பக் கூடாது என்பார். தூக்கம் வந்தது, படுத்தது, வேறென்ன காரணம் வேண்டும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். கொஞ்ச நாளில் அந்தப் பூனை அச்சு இயந்திரப் பெட்டிக்குள் குட்டி போட்டது. அன்றைக்கு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாரே, என்னமோ பிரசவத்தையே அவர்தான் பார்த்த மாதிரி.

இப்போது அவர் அங்கே இல்லை. பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். பூனையை முதலாளி வைத்துக்கொண்டார், நாற்காலியைப் பூனை வைத்துக்கொண்டது.

அக்கா என்றால் இந்த ஒரு குணம்தான். உட்கார்ந்திருக்கிற எதையும் எழுப்புவதற்கு முன்னால் அது யார், எதற்காக உட்கார்ந்திருக்கிறது, எழுப்பினால் எங்கே போகும் என்று கேட்டாக வேண்டும். மற்றபடி அடக்கம் ஒடுக்கம் எல்லாம் கிடையாது. சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகத் தட்டச்சு செய்வார். பாலிடெக்னிக் சான்றிதழைச் சட்டம் போட்டு, உள்ளே நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டியிருந்தார். ரெங்கம் மாதா கோயில் பாட்டுக் குழுவில் அவர் பாடும்போது பக்கத்தில் நிற்பவர்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று கேள்வி. நான் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் போய்ப் பார்த்தவன் மாதிரி எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் பக்கத்தில் சாஆ ஊர்க்காரன். படிவம் ஐந்தோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. கேமரா மாட்டுவது, கேபிள் இழுப்பது, அக்காவைச் சீண்டுவது, இதெல்லாம் கடையில் என் வேலை. கடைசி வேலையை மட்டும் சொல்லாமலே செய்கிறான் என்று முதலாளி வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

அக்காவின் வேலையை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். குலாய் பக்கம் செம்பனைத் தோட்டத்தை வெட்டிவிட்டுப் பெரிய பெரிய டேட்டா சென்டர் கட்டுகிறார்கள் இல்லையா, அந்த மாதிரி இடத்தில் இருக்கிற ராட்சதக் கம்ப்யூட்டரைப் பலகை அடித்த மாதிரி அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடுவார்கள். நிஜப் பலகை இல்லை, எல்லாம் மென்பொருள் பலகை. ஓர் அறைக்கு வி.பி.எஸ். என்று பேர். டயர் கடை, டியூஷன் சென்டர், சமையல் குத்தகைக்காரர், கோயில் என்று பலருக்கு அக்கா இந்த அறைகளை எடுத்துக் கொடுத்து, அதில் அவர்களுடைய வெப்சைட்டைக் குடிவைத்துப் பார்த்துக்கொள்வார்.

ஒவ்வோர் அறைக்கும் ஏகப்பட்ட கதவு. கதவுக்கு ஒரு நம்பர். அதைத்தான் போர்ட் என்பார்கள். வெப்சைட் பார்க்க வருகிறவர்கள் வந்து தட்டுவது எண்பதாம் நம்பர் கதவை. பூட்டுப் போட்ட இன்னொரு கதவும் உண்டு. அதை இழுத்தால் கதை நீளும், விடுங்கள். எண்பதில் ஒருத்தர்தான் உட்கார்ந்து 'வாங்க' சொல்ல முடியும். இரண்டாவதாக இன்னொரு வெப் சர்வர் வந்து அதே இடத்தைக் கேட்டால், இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று ஒரு வரி வரும், வந்தவர் அப்படியே படுத்துவிடுவார். உடனே கடைக்காரர் போன் போட்டு, என் வெப்சைட்டைக் காணோம் என்று அலறுவார்.

மற்றவர்களாக இருந்தால் எண்பதில் இருப்பது எதுவோ அதை ஒரே கட்டளையில் தூக்கிவிடுவார்கள். அந்தக் கட்டளைக்குப் பேரே 'கில்'. அக்காவுக்கு அந்த வார்த்தையே ஆகாது. கடவுள் கொடுத்த பத்துக் கட்டளையில் ஐந்தாவது இதைச் செய்யாதே என்பது, கம்ப்யூட்டர்காரன் வந்து செய் என்கிறான், நான் யார் பேச்சைக் கேட்கட்டும் என்பார். அவர் பேச்சில் அது 'எழுப்பி விடுறது'. அதற்கும் முன்னால், எந்தக் கதவில் யார் காது வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டச் சொல்லி ஒரு கட்டளை அடிப்பார். வந்ததைப் பார்த்துத் திரையோடு பேச ஆரம்பித்துவிடுவார்.

"யாருப்பா நீ? எப்ப வந்த? யாரு உன்ன இங்க உக்கார வச்சது?"

பொண்ணு பார்க்க வந்தவனை விசாரிக்கிற மாதிரி இருக்கும். பதிலும் கிடைத்துவிடும். வந்த நேரம், கொண்டுவந்தவர் பேர், எந்தக் கோப்பிலிருந்து கிளம்பியது என்று எல்லாம் வரிசையாக வரும். அதைப் படித்துவிட்டு, பாவம், இதுக்கு வேற இடமே இல்லை என்றோ, அடப்பாவி, சும்மாவா உட்கார்ந்திருக்கிறாய் என்றோ தீர்ப்புச் சொல்வார். முதலாவது என்றால் அதற்கு வேறு கதவு பார்த்துக் கொடுத்த பிறகுதான் மறுவேலை.

ஒரு தடவை அக்கா வெளியே போயிருந்த நேரம் பார்த்து முதலாளி தன் கைபேசியிலிருந்தே எண்பதில் இருந்த ஒன்றைத் தூக்கிவிட்டார். அது டியூஷன் சென்டர் பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பக்கம். சிகாமட் வட்டாரத்து அம்மாக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் போனில் வந்தார்கள். திரும்பி வந்த அக்கா முதலாளியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு போனாக எடுத்து, 'இதோ, அவருகிட்டயே பேசுங்க' என்று அவர் காதில் வைத்தார்.

டிஷ்யூ கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடை மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு 'சோப்' பண்ணுவது என்று பேர். குளிக்கிற சோப்பு இல்லை, இது வேறு. தினமும் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய்வருகிறவர்கள் இந்தப் பழக்கத்தையும் ஜொகூருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு மத்தியானம் நானும் அக்காவும் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு நிற்கிறோம். எல்லா மேசையிலும் ஆள். ஒன்று மட்டும் காலி, அதில் ஒரு டிஷ்யூ பாக்கெட். நான் உட்கார்ந்துவிட்டேன். "டேய், சோப் பண்ணியிருக்கு, எழுந்திரி லா" என்று என்னை எழுப்பிவிட்டு, தட்டைக் கையில் ஏந்தியபடி மேசை மேசையாகப் போய், தமிழில், மலாயில், அரைகுறை ஹொக்கியன் சீனத்தில் இந்த டிஷ்யூ யாருடையது என்று விசாரித்தார். கடைசியில் தண்ணீர்க் கடை ஆன்ட்டி சொன்னார், வைத்தவர் சாப்பிட்டுவிட்டு எப்போதோ போய்விட்டார், மறந்துவிட்டுப் போனது. அப்புறம்தான் அக்கா உட்கார்ந்தார். அதற்குள் மீ கயிறாகிவிட்டது. டிஷ்யூவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோமா அக்கா என்று கேட்டேன். அவர் அதிலிருந்தே ஒன்றை உருவி வாயைத் துடைத்துக்கொண்டு, இனி இதற்கு ஆளில்லை, இப்போது எழுப்பலாம் என்றார்.

அன்றிலிருந்து எங்கள் கடைப் பேச்சில் இரண்டு வார்த்தை சேர்ந்துகொண்டது. யாராவது எண்பதைப் பிடித்து வைத்திருந்தால் 'எண்பத சோப் பண்ணியிருக்கு'. பிடித்தவர் செத்துப்போய் இடம் மட்டும் அடைத்துக்கொண்டிருந்தால் அது 'டிஷ்யூ'. வெளியாட்கள் கேட்டால் குளியலறைப் பேச்சு என்று நினைப்பார்கள். அந்த சோப்பைத் தப்பாகப் புரிந்துகொண்ட ஒருவரால்தான் என் தங்கச்சி கல்யாணம் நடந்தது.

எனக்கு முன்னால் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்துவிட்டது. என்னை யாரும் கேட்டு வரவில்லை, அது வேறு விஷயம். சாஆவில் எங்கள் கோயில் மண்டபத்தைக் கோயில் வெப்சைட்டில் போய்ப் பதிந்தோம். உறுதி என்று செய்தி வந்தது. கார்டு அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. பிறகு ஒரு நாள் தங்கச்சி மணவறை அலங்காரம் பற்றிக் கேட்கப் போனால், கோயில் செயலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அன்றைக்கு லாபிஸ் ஊர்ப் பெண் ஒருத்தியின் கல்யாணமாயிற்றே என்றார். தங்கச்சி கோயில் தலைவரிடம் ஓடினாள். அவர் கைபேசியைத் திறந்து, உன் பதிவு இதோ இருக்கிறது, நிம்மதியாகப் போய்த் தூங்கு என்றார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் பல மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான். இருக்கிறது ஒரு மண்டபம், ஒரு நாள். அடுத்த முகூர்த்த நாளில் எந்த மண்டபமும் காலியில்லை. மாப்பிள்ளை வீட்டார் விஷயம் தெரிந்து, எந்த மண்டபத்துக்கு வருவது என்று குத்தலாகக் கேட்க ஆரம்பித்தார்கள். தங்கச்சி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

கோயில் வெப்சைட்டைக் குடிவைத்தது அக்காதான். நான் போய்ச் சொன்னதும் பெயின்ட் டின்னை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் விஷயம் வெளியே வந்தது. தலைவருக்காக அக்கா வைத்த பழைய வெப் சர்வர் ஒன்று. செயலாளரின் மகன், ஜொகூர் பாருவில் ஏதோ கம்ப்யூட்டர் படிக்கிறவன், கோயிலுக்கு அக்கா கொடுத்திருந்த மறுசாவியால் நுழைந்து அப்பாவுக்காக அதே அறையில் குடிவைத்த புதுசு ஒன்று. இரண்டுக்கும் அதே கோபுரப் படம், அதே மண்டபப் பதிவு. இரண்டும் எண்பதைக் கேட்கின்றன. வாடகைக்கு விட்டவர்கள் பராமரிப்புக்காக அறையை அணைத்துப் போடும் ஒவ்வொரு தடவையும் எது முந்திக்கொள்கிறதோ அது எண்பதில் உட்காரும், மற்றது படுத்துவிடும். பழசு உட்கார்ந்திருந்தபோது பதிந்தவர்கள் பேர் தலைவருக்குப் போனது. புதுசு உட்கார்ந்திருந்தபோது பதிந்தவர்கள் பேர் செயலாளருக்குப் போனது. என் தங்கச்சி பழசில் இருந்தாள். இப்போது எண்பதில் இருந்தது புதுசு.

அறைச் சாவி அக்காவின் கையில். ஒரே ஒரு கட்டளைதான். நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்.

"அக்கா, புதுச எழுப்பி விட்டுடுங்க. அழிச்சும் விட்டுடுங்க. பழசு உக்காந்துக்கும். யாருக்கும் தெரியாது."

"உள்ள ஒரு பொண்ணு உக்காந்திருக்காடா."

"அது டிஷ்யூக்கா."

"பேரு போட்டிருக்கு. மாப்பிள்ளை பேரும் போட்டிருக்கு. டிஷ்யூவுக்கு எங்கயாச்சும் மாப்பிள்ளை இருக்குமா?"

நான் விடவில்லை. பூனைக்கு இடம் கொடுத்தீர்கள், யார் யாரோ வைத்த சர்வருக்கெல்லாம் இடம் கொடுத்தீர்கள், என் தங்கச்சிக்கு ஓர் இடம் கொடுக்கக் கூடாதா என்றேன். அவர் திரையில் இருந்த அந்தப் பெண்ணின் பேரை மறுபடியும் படித்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி போன் அடித்தாள். நான் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டேன், அவளே கேட்கட்டும் என்று. விஷயத்தைச் சொன்னதும் அவள், கல்யாணமே ஆகாதவங்களுக்கு இதெல்லாம் எங்கண்ணே தெரியப்போகுது என்றாள். கடையே கேட்டது. முதலாளி எழுந்து போய் இல்லாத தூசியைத் தட்ட ஆரம்பித்தார். அக்காவுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயசு. அவர் என்னைப் பார்த்து மெதுவாக, பொண்ணு சரியாத்தான் கேக்குது என்றார். என் வாழ்நாளில் சீண்டுவதற்கு ஒன்றுமே தோன்றாமல் நின்றது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அக்கா தலைவருக்குப் போன் போட்டார். மனசு சரியில்லாததால் கடைப் பேச்சிலேயே பேசிவிட்டார் என்று நினைக்கிறேன்.

"ஐயா, சண்டையே எண்பதுக்குத்தான். செயலாளர் மகன் எண்பத சோப் பண்ணி வச்சிட்டாரு. அதான் உங்க ஆளு உள்ள போக முடியாம நிக்கிறாரு."

தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எத்தன நாளா நடக்குது இது?"

"சில மாசமா ஐயா. ஒரு நாளு உங்க ஆளு முந்திக்கிறாரு, ஒரு நாளு அவங்க ஆளு."

"எண்பது ஒண்ணும் சொல்லலையா?"

"எண்பது என்னங்கையா சொல்லும். முதல்ல யாரு வர்றாங்களோ அவங்களுக்குத்தான் அது."

தலைவர் போனை வைத்துவிட்டார். அக்காவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், ஆனால் எனக்கும் அப்போது உறைக்கவில்லை. எங்கள் கோயிலுக்கு ஒரு புரவலர் இருந்தார். அந்த வருஷம்தான் அவருக்கு எண்பதாம் பிறந்தநாளை மாலையும் மேளமுமாகக் கோயிலில் கொண்டாடினார்கள். அவர் தலையசைத்தால்தான் யாரும் தலைவராக முடியும். அன்றிலிருந்து நிர்வாகத்தார் அவர் முதுகுக்குப் பின்னால் அவரை 'எண்பது' என்றே சொல்வார்கள். பெரிய ஆளைக் குளிர வைத்துக் காரியம் சாதிப்பதற்கு நம் பேச்சில் சோப்பு போடுவது என்று பேர். மிச்சத்தை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலைவர் நேராகப் புரவலர் வீட்டுக்குப் போய், செயலாளர் மகன் உங்களுக்குச் சோப்பு போடுகிறானாமே, முதலில் வருகிறவன் பக்கம்தான் நீங்களாமே, குளுவாங்கில் ஒரு பெண் சொல்கிறாள் என்று கேட்டிருக்கிறார். புரவலருக்கு வந்த கோபத்தில், தலைவர், செயலாளர், அவர் மகன், அந்தக் குளுவாங் பெண், இந்தக் கல்யாண விஷயத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு வீட்டுக்காரர்கள், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். பல மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத தலைவரும் செயலாளரும் அப்படித்தான் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். அலமாக், ஒரு சோப்பு செய்த வேலையைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு அக்கா ரெங்கத்திலிருந்து நேராக வந்தார். புரவலர் அவரை நடுவில் உட்காரவைத்து, என்னைப் பற்றி என்னம்மா சொன்னே, திருப்பிச் சொல் என்றார். அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் போன போக்கை நான் கைபேசியில் படம் பிடித்திருக்க வேண்டும். கதவு, நம்பர், டிஷ்யூ என்று ஒன்றுவிடாமல் விளக்கினார். புரவலர் பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "என்னை இதுவரைக்கும் யாரும் கதவுன்னு சொன்னதில்ல" என்றார்.

சிரிப்பு முடிந்ததும் சண்டை ஆரம்பித்தது. தலைவர், புதுசைத் தூக்கு என்றார். செயலாளர், பழசைத் தூக்கு என்றார். ஒரு பக்கம் என் தங்கச்சியும் அப்பாவும். எதிரே லாபிஸ் பெண்ணும் அவள் அம்மாவும். அந்தப் பெண் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சாப்பிட்டிருக்க மாட்டாள் போலிருந்தது. எல்லாரும் அக்காவின் கையையே பார்த்தார்கள், இப்போதே ஒருத்தியை அழித்துவிடப்போகிற மாதிரி.

அக்கா லாபிஸ் பெண்ணைப் பார்த்து, "உங்களுக்கு எத்தன மணிக்கும்மா முகூர்த்தம்?" என்று கேட்டார்.

அதுவரைக்கும் யாரும் அதைக் கேட்கவில்லை. பழசும் கேட்கவில்லை, புதுசும் கேட்கவில்லை. இரண்டு பதிவுப் பக்கத்திலும் தேதிக்குத்தான் இடம் இருந்தது, மணிக்கு இடம் இல்லை. தலைவரும் செயலாளரும் நாளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை, அன்றைக்குச் சாயங்காலமே ஷிப்டுக்குத் திரும்பியாக வேண்டும், விடியற்காலையிலேயே முடிந்தால் நிம்மதி, ஆனால் கேட்டால் மண்டபமே கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து கேட்கவில்லை. கார்டும் இன்னும் அடிக்கவில்லை. எங்கள் கார்டில் பத்தரை என்று போட்டிருந்தது. குருக்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அன்றைக்கு விடியலிலும் நல்ல நேரம் இருக்கிறது என்றார்.

லாபிஸ் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். என் அப்பா பெருமூச்சு விட்டார். தங்கச்சி மட்டும் அசையவில்லை.

"இன்னொருத்தி உக்காந்து எழுந்த மணவறையில நான் போய் உக்காரணுமா?"

லாபிஸ் பெண்ணின் முகம் வாடிவிட்டது.  அக்கா என் தங்கச்சிக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார்.

"உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு அதுல உக்காந்து, தாலி வாங்கிட்டு சிரிச்சிக்கிட்டே எழுந்து போயிருப்பாம்மா. அது எச்சில் இல்ல. நல்ல சகுனம். எனக்குக் கல்யாணம் ஆகல, ஆனா இது தெரியும்."

தங்கச்சி அவரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்து, சரி என்று மட்டும் சொன்னாள். அதுவும் அரை மனசாகத்தான்.  கார்டு கொடுக்க வேண்டியவர்கள் யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று அம்மா வீட்டில் கேட்டபோது நான் அக்கா பேரைச் சொன்னேன். உன் இஷ்டம் என்று தங்கச்சி உள்ளே போய்விட்டாள்.

சர்வர் சண்டையை அக்கா அங்கேயே தீர்த்தார். எண்பதில் ஒருத்தர் உட்காரட்டும், இன்னொருத்தருக்கு உள்ளே வேறு நம்பரில் இடம் போடுகிறேன், வருகிறவர்களுக்கு ஒரே வாசல், வாசலில் இருப்பவர் யாரைத் தேடி வந்தார்கள் என்று பார்த்து உள்ளே அனுப்பிவைப்பார், பதிவெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும், மணி கேட்கவும் ஓர் இடம் வைத்துவிடுகிறேன் என்றார். உடனே தலைவர், வாசலில் என்னுடையதுதான் இருக்க வேண்டும் என்றார். செயலாளர், இல்லை என்னுடையது என்றார். அக்கா முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, வாசல்ல இருக்கிறவரு வர்றவங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லணும், உள்ள இருக்கிறவருதான் முடிவு பண்ணுவாரு என்றார். சரி, அப்படியானால் நான் உள்ளே என்றார் தலைவர். நான்தான் உள்ளே என்றார் செயலாளர். செயலாளர் மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். புரவலர் மறுபடியும் பல் செட்டைக் கழற்றினார்.

கல்யாண நாள். விடியலில் லாபிஸ் பெண்ணுக்குத் தாலி ஏறியது. பத்தரைக்கு என் தங்கச்சிக்கு. நடுவில் இருக்கிற நேரத்தில் மணவறைப் பூவை மாற்றி, சாப்பாட்டுக் கூடத்தைக் கழுவி, ஒரு கூட்டத்தை அனுப்பி இன்னொரு கூட்டத்தை உள்ளே விட வேண்டும். ஆனால் லாபிஸ்காரர்கள் போவதாக இல்லை. சாப்பிட்டு முடித்தவர்கள், இன்னொரு கல்யாணமும் இருக்கிறதாமே, பார்த்துவிட்டே போவோம் என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்கள். எங்கள் கூட்டம் வாசலில் முட்டியது. அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தார். பட்டுச் சேலையை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தூக்கிச் செருகிக்கொண்டு, வருகிற காரையெல்லாம் நிறுத்தி, நீங்கள் எந்தக் கல்யாணம் என்று கேட்டு, வலப்பக்கம் இடப்பக்கம் என்று கையைக் காட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை. ஒரு தாத்தா காரை நிறுத்தி, "எந்தக் கல்யாணத்துல பாயசம் போடுறாங்களோ அதும்மா" என்றாராம்.

நேரம் நெருங்கியது. தங்கச்சி மணவறையில் உட்கார்ந்தாள். லாபிஸ் பெண் இன்னும் கிளம்பவில்லை. வேன் வெளியே காத்துக்கொண்டிருக்க, மஞ்சள் காயாத தாலியோடு முன்வரிசையில் நின்று என் தங்கச்சிக்குப் பூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரித்தார்கள். தங்கச்சி சிரித்து நான் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது. திடீரென்று நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க ஆபிஸ் அக்கா எங்க?"

"வாசல்ல கார் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

"போய்க் கூட்டிட்டு வா. அவங்க வந்தாதான் நான் கழுத்த நீட்டுவேன்."

குருக்கள் என்னை முறைத்தார். நான் ஓடினேன். இன்னும் கார் வருகிறது, நான் வந்துவிட்டால் யார் அனுப்புவது என்று அக்கா பிகு பண்ணினார். கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன், அதைத் துரத்திக்கொண்டு அவர் உள்ளே வந்தார். தங்கச்சி கையைப் பிடித்து அவரை மேலே இழுத்துத் தனக்குப் பக்கத்தில், தோழிப்பெண் நிற்கிற இடத்தில் நிறுத்திக்கொண்டாள். காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை. அக்கா தூக்கிச் செருகிய சேலையை அவசரமாகக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்.

கெட்டிமேளம் கொட்டியது. நான் கையில் வைத்திருந்த அட்சதையில் பாதியைத் தங்கச்சி தலையில் போட்டேன். மீதிப் பாதியைக் குறி பார்த்து அக்காவின் தலையில் போட்டேன். அந்தக் கல்யாணப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், தங்கச்சி குனிந்திருக்கிறாள், அத்தனை பேரும் அந்த முடிச்சையே பார்க்கிறார்கள். அக்கா மட்டும் முடியெல்லாம் மஞ்சள் அரிசியோடு நேராக என்னைப் பார்த்து வாயைத் திறந்திருக்கிறார். படத்தில் சத்தம் வராது. ஆனால் அந்த மேளத்தையும் தாண்டி மண்டபத்தில் இருந்த இரண்டு கல்யாணக்காரர்களுக்கும் அது கேட்டது.

"டேய், பொண்ணு அந்தப் பக்கம்டா."